கார்வெட் வண்டியும் அதன் பெயர்க்காரணமும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் இருவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண நூலார். காரணம் யாதுமின்றி ஒரு பொருளுக்கு முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. பொருளின் தன்மை, தொழில், வடிவு முதலியவற்றுள் ஒன்றைப் பற்றி அமைந்தது காரணம். இப்பாகுபாட்டை வகுப்பறையில் மனப்பாடஞ் செய்து, மண் என்றும் மரம் என்றும் பறவை என்றும் அணி என்றும் உதாரணங்காட்டிப் பரீட்சையில் எழுதிவிடுகின்றோம். ஆயினும், நம் காலத்தையடுத்து ஒரு புதுப்பொருள் தோன்றி, அதற்கொரு பெயர் இடப்பட்டபொழுது, அப்பெயர் யாரால் எவ்வாறு பிறந்தது, அது பொருளோடு எங்ஙனம் பொருந்திற்று என்பவற்றை ஆராய்ந்து பார்ப்பார் சிலரே. அத்தகைய ஆராய்ச்சிக்கு மிக ஏற்றதொரு பொருளாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரும்புகழ் பெற்று விளங்கும் கார்வெட் என்னும் மோட்டார் வண்டியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். இவ்வண்டியின் வேகத்தையும் வனப்பையும் அறிந்தோர் பலர். இதன் பெயர் வந்த வழியை அறிந்தோர் மிகச் சிலர்.

பெயரின்றிப் பிறந்த குழந்தை

இரண்டாவது உலக மகாயுத்தம் 1945ஆம் ஆண்டு முடிவுற்றபின், ஐரோப்பாவினின்றும் தாயகம் மீண்ட அமெரிக்கப் போர்வீரர் பலர், இங்கிலாந்து முதலிய நாடுகளில் தாம் கண்ட சிறிய, இருவர் மட்டும் அமர்ந்து செல்லத்தக்க, மேற்கூரையை மடித்துவிடக்கூடிய விரைவு வண்டிகளின்மேல் பெருவிருப்பங் கொண்டிருந்தனர். டெட்ராயிட் நகரைச் சார்ந்த மாபெரும் மோட்டார்க் கம்பெனிகளோ, குடும்பத்தார் அனைவரும் ஏறிச்செல்லும் நீண்டகன்ற வண்டிகளையே பெரும்பாலும் செய்துவந்தன.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வடிவமைப்புத் துறைக்குத் தலைவராய் இருந்தவர் ஹார்லி எர்ல் என்பார். இவர் 1893ஆம் ஆண்டு கலிபோர்னியாவிற் பிறந்து, 1927 முதல் அக்கம்பெனியிற் பணியாற்றியவர். மோட்டார் வண்டியைக் கருவி என்று மட்டும் கருதாமல் கண்ணுக்கினிய கலைப்பொருளென்றும் கருதியவர். 1951ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் என்னும் ஊரில் நடைபெற்ற மோட்டார்ப் பந்தயத்திற்குச் சென்ற இவர், ஆங்கு ஐரோப்பிய வண்டிகளையும் அவற்றைச் சூழ்ந்து நின்ற இளைஞர்தம் ஆர்வத்தையும் கண்டு, அமெரிக்கருக்கென்றே ஒரு விரைவு வண்டி செய்தல் வேண்டும் என உறுதிபூண்டார் என்பர்.

வேலை மறைவாகத் தொடங்கிற்று. அதற்கு 'ஓப்பல் திட்டம்' என்று ஒரு மறைபெயர் இட்டனர். ஓப்பல் என்பது அக்காலத்து ஜெனரல் மோட்டார்ஸுக்கு உரிமையாயிருந்த ஜெர்மானியக் கம்பெனியின் பெயர். ஆகவே இவ்வண்டி கருவிலிருந்தபொழுது தாங்கியது மற்றொரு கம்பெனியின் பெயரையேயாம். பின்னர்ச் சோதனை வண்டியாக உருப்பெற்றபொழுது இ.எக்ஸ். 122 என்னும் இலக்கமே அதற்குப் பெயராயிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவாகிய ஷெவர்லேயின்பால் இதனை ஒப்புவித்தனர். ஷெவர்லே அந்நாளில் மலிவும் உறுதியுமுடைய குடும்ப வண்டிகளுக்கே பெயர்பெற்றது. வேகத்திற்கும் அதற்கும் வெகுதூரம் என்று மக்கள் கருதியிருந்தனர். அதன் தலைமைப் பொறியியலறிஞர் எட் கோல் என்பார் இப்புது வண்டியை உவகையுடன் ஏற்றுக்கொண்டார்.

பெயரிட்டவர் யார்?

வண்டி பொதுமக்கள்முன் தோன்றும் நாள் நெருங்கிற்று, பெயரோ அமைந்தபாடில்லை. கம்பெனித் தலைவர்களும் விளம்பரத் துறையினரும் கூடி, ஏறக்குறைய 300 பெயர்களைப் பரிசீலனை செய்தனர். ஷெவர்லே என்னும் சொல்லைப் போலவே புதுப்பெயரும் ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தாகிய 'சி' என்பதில் தொடங்குதல் வேண்டுமென்பது அவர்தம் விருப்பம். ஒன்றும் மனத்திற்கு இசையவில்லை.

அக்கூட்டத்திற் கலந்துகொண்டவருள் மைரன் ஸ்காட் என்பாரும் ஒருவர். அவர் பொறியியலறிஞருமல்லர், வடிவமைப்பாளருமல்லர். தொழிலால் நிழற்படம் எடுப்பவர். அவரது முன்வரலாறு நாம் அறியத்தக்கது. ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஒரு செய்தித்தாளுக்குப் படம் எடுத்துவந்த அவர், 1933ஆம் ஆண்டில், சிறுவர் சிலர் மரப்பெட்டிகளிலும் பலகைகளிலும் சக்கரம் பூட்டி, இயந்திரமின்றிச் சரிவான தெருவில் உருட்டிப் பந்தயமிடுவதைக் கண்டார். படம் எடுத்ததோடு அமையாது, அச்சிறுவர்க்கெனவே முறையானதொரு பந்தயத்தையும் ஏற்பாடு செய்தார். அஃது 1934இல் நாடளாவிய பந்தயமாகி, மறு ஆண்டு ஏக்ரன் நகருக்கு இடம்பெயர்ந்தது. 'சோப்புப்பெட்டிப் பந்தயம்' என்று இன்றளவும் பிரசித்தி பெற்று விளங்குகின்றது. அப்பந்தயத்திற்குப் பொருளுதவி செய்த ஷெவர்லே கம்பெனியே 1937ஆம் ஆண்டு ஸ்காட் அவர்களைத் தன் பணியில் அமர்த்திக்கொண்டது.

கூட்டம் முடிந்து இல்லம் சென்ற ஸ்காட், அகராதியை விரித்து 'சி' என்னும் எழுத்தின்கீழ் வரும் சொற்களைப் பார்த்துக்கொண்டே சென்றார். பகைக்கப்பலைத் துரத்திச் செல்லும் விரைவுடைய சிறு போர்க்கப்பல் எனப் பொருள்படும் 'கார்வெட்' என்னும் சொல் அவர் கண்ணிற்பட்டது. அதனை எடுத்துரைத்தார், அனைவரும் இசைந்தனர். முந்நூறு பெயர்களால் நிறைவேறாத காரியம் ஒருவர் பொறுமையுடன் அகராதியின் ஏடுகளைப் புரட்டியதால் நிறைவேறிற்று.

சொல்லின் பிறப்பு

கார்வெட் என்பது ஆங்கிலேயர் பிரெஞ்சு மொழியினின்று கடன் வாங்கிய சொல். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கப்பற்படையினர், ஒரே தட்டில் பீரங்கிகளை வரிசையாக உடையதும், பிரிகேட் என்னும் போர்க்கப்பலினும் சிறியதுமான பாய்க்கப்பலை இப்பெயரால் அழைத்தனர். அதற்கு முன்னைய மூலத்தை நாடுவோமாயின், கூடை எனப் பொருள்படும் டச்சுச் சொல்லொன்றையும், அதற்கும் முன்னர்க் கூடையையே குறித்த 'கோர்பிஸ்' என்னும் இலத்தீன் சொல்லையும் மொழிநூலார் சுட்டுவர். இலத்தீனில் சரக்கேற்றும் மரக்கலத்திற்குக் 'கோர்பீட்டா' என்று பெயர். கூடையின் பெயர் மரக்கலத்திற்கு ஆகி, மரக்கலத்தின் பெயர் போர்க்கப்பலுக்கு வழங்கி, போர்க்கப்பலின் பெயர் தரையில் ஓடும் வண்டிக்கு ஆயிற்று.

ஒன்றன் பெயர் அதனோடு இயைபுடைய பிறிதொன்றற்குத் தொன்றுதொட்டு ஆகிவருவதை ஆகுபெயர் என்கின்றோம். அவ்வாறு ஆகிய பெயர் மீண்டும் ஆகுமாயின் இருமடியாகுபெயர் என்றும், மும்முறை ஆகுமாயின் மும்மடியாகுபெயர் என்றும் உரையாசிரியர் கூறுவர். மும்மடியாகுபெயருக்கு நம் ஆசிரியர் காட்டும் உதாரணம் 'கார் அறுத்தான்' என்பது. கருமை நிறத்தின் பெயர் மேகத்திற்கும், மேகத்தின் பெயர் பருவத்திற்கும், பருவத்தின் பெயர் அப்பருவத்து விளையும் நெல்லுக்கும் ஆயிற்று. நம்மிடையே மோட்டார் வண்டியும் கார் என்றே வழங்குவதால், தமிழிற் 'கார்' என்னும் சொல்லையும் ஆங்கிலத்திற் 'கார்வெட்' என்னும் சொல்லையும் அடுத்தடுத்து வைத்து நம் மாணவர் இப்பகுதியை எளிதின் நினைவிற் கொள்ளலாம். இவ்விரண்டிற்கும் பிறப்பில் உறவு யாதுமில்லை என்பதை மட்டும் மறத்தலாகாது.

போர்க்காலத்துக் கார்வெட்டுகள்

ஸ்காட் அவர்கள் அகராதியிற் கண்ட விளக்கம் ஒருபுறமிருக்க, அக்காலத்து மக்கள் கார்வெட் என்றவுடன் நினைவுகூர்ந்தது அட்லாண்டிக் மாகடலில் நிகழ்ந்த பெரும்போரையேயாம். 1939இல் யுத்தம் மூண்டபொழுது, பிரிட்டனுக்கு உணவும் பெட்ரோலும் தளவாடங்களும் கொண்டுவரும் வாணிகக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கத் தொடங்கின. அவற்றைக் காக்கும் துணைக்கப்பல்கள் போதியனவாக இல்லை. அந்நிலையில், திமிங்கல வேட்டைக்கென்று செய்யப்பட்ட ஒரு கப்பலின் அமைப்பைத் தழுவி, போர்க்கப்பல் கட்டிப் பழகாத சிறு துறைகளிலும் விரைந்து கட்டத்தக்க ஒரு சிறு கப்பலை வகுத்தனர். அதற்கே கார்வெட் என்னும் பழம்பெயரைப் புதுப்பித்து இட்டனர். பிரிட்டிஷார் அக்கப்பல்களுக்கு மலர்களின் பெயர்களைச் சூட்டினமையால் அவ்வகுப்பு 'மலர் வகுப்பு' எனப்பட்டது. பிரிட்டனிலும் கனடாவிலுமாக இருநூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இவ்வகுப்பிற் கட்டப்பெற்றன. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பது சாக்வில் என்னும் ஒன்றே. அது கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் நினைவுச்சின்னமாகக் காக்கப்படுகின்றது.

ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அகராதி இச்சொல்லுக்கு விரைவைக் கூறிற்று; விளம்பரக்காரரும் விரைவையே எண்ணி மகிழ்ந்தனர். உண்மையிலோ மலர் வகுப்புக் கார்வெட்டுகள் விரைவுடையன அல்ல. அவற்றின் வேகம் மணிக்கு 16 கடல்மைல் அளவினதே. நீர்மட்டத்தில் ஓடும் ஜெர்மானிய நீர்மூழ்கியோ 17 கடல்மைலுக்கு மேற்செல்லும். தாம் துரத்த வேண்டிய பகைவனைக்காட்டினும் தாமே மெதுவாய்ச் செல்வன! அலையில் அவை உருண்டு புரண்டாடிய ஆட்டத்தை அவற்றிற் பணியாற்றிய மாலுமிகள் தம் ஆயுள் முழுவதும் மறந்திலர். ஆயினும், புயலிலும் பனியிலும் சரக்குக் கப்பல்களை விட்டு அகலாது உடன்சென்று காத்தவை அவையே. அவற்றின் பெருமை விரைவினால் வந்ததன்று, விடாமுயற்சியினால் வந்தது. இக்குறிப்பை உள்ளத்திற் கொண்டு வண்டியின் வரலாற்றுக்கு மீள்வோம்.

பெயரும் பொருளும் மாறுபட்டமை

1953ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆம் நாள், நியூயார்க் நகரின் வால்டார்ப் அஸ்டோரியா ஓட்டலில் நடந்த மோட்டோரமா என்னும் பொருட்காட்சியில் கார்வெட் முதன்முதலாகத் தோன்றிற்று. கண்டோர் வியந்தனர்.

அதன் சின்னத்திற்கும் ஒரு வரலாறுண்டு. ராபர்ட் பார்த்தலோமியு என்னும் வடிவமைப்பாளர் இரு கொடிகளைக் குறுக்காக வைத்து அதனை வரைந்திருந்தார்: ஒன்று பந்தயத்தின் முடிவைக் காட்டும் கட்டமிட்ட கொடி; மற்றொன்று அமெரிக்க தேசக்கொடி. தேசக்கொடியை விற்பனைப் பொருளின் அடையாளமாக்குதல் தகாது என்பதைக் காட்சிக்குச் சில நாட்களுக்கு முன்னரே உணர்ந்து, அவ்விடத்தில் வேறொரு கொடியை விரைந்து அமைத்தனர். அதில் ஷெவர்லேயின் கழுத்துப்பட்டை வடிவச் சின்னமும், பிரெஞ்சு மன்னரின் இலச்சினையாகிய லில்லி மலரும் இடம்பெற்றன. கம்பெனியின் பெயருக்குரியவராகிய லூயி ஷெவர்லே என்பார் 1878இல் ஸ்விட்ஸர்லாந்திற் பிறந்து பிரான்ஸில் வளர்ந்தவர். அவர் பெயர் பிரெஞ்சுப் பெயர். ஆகவே அமெரிக்கரின் பெருமைக்குரிய வண்டி, பெயராலும் சின்னத்தாலும் பிரெஞ்சு மரபையே தாங்கி வெளிவந்தது.

அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்து பிளின்ட் நகரில் உற்பத்தி தொடங்கிற்று. முதல் ஆண்டில் முடிந்தவை 300 வண்டிகள். அனைத்தும் வெண்ணிறம், உட்புறம் சிவப்பு. எஃகுத் தகட்டை வளைக்கும் அச்சுகள் செய்யக் காலமும் பொருளும் மிகுதியாகுமாதலால், கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து உருவாக்கிய உடலை அமைத்தனர். அதிக அளவில் விற்பனைக்கென்று செய்யப்பெற்ற வண்டிக்கு இஃது ஒரு புதுமையே.

உடல் புதியது, உள்ளுறுப்புகளோ பழையன. குடும்ப வண்டிகளுக்குரிய ஆறு உருளை இயந்திரத்தையே சிறிது திருத்தி 150 குதிரைத்திறன் உடையதாக்கி வைத்தனர். இரண்டே கியர்களைக் கொண்ட, தானாக மாறும் பல்சக்கர அமைப்பு, கதவில் வெளிக்கைப்பிடியில்லை, ஏற்றி இறக்கும் கண்ணாடிச் சாளரமுமில்லை. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டச் சுமார் 11 விநாடி சென்றது. விலையோ 3,498 டாலர். பந்தயப் பிரியர் இதனை மெதுவான வண்டியென்று இகழ்ந்தனர். சுகத்தை நாடினோர் மழை உள்ளே புகும் வண்டியென்று விலகினர். மறு ஆண்டு மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயி நகருக்கு உற்பத்தி மாறி, 3,640 வண்டிகள் செய்யப்பட்டன. ஆண்டிறுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாங்குவாரின்றி நின்றன. 1955இல் 700 வண்டிகளே செய்தனர். கம்பெனியார் இதனை அறவே கைவிட்டுவிடுவர் என்னும் நிலை வந்துற்றது. பெயர் பெரிது, பொருள் சிறிது என்னும் பழிக்கு இலக்காகி நின்றது கார்வெட்.

பெயரைக் காத்தவர்

மோட்டோரமாக் காட்சியில் இவ்வண்டியைக் கண்டு மயங்கியவருள் ஜோரா ஆர்க்கஸ் டண்டோவ் ஒருவர். ரஷ்ய யூதப் பெற்றோருக்கு 1909ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரிற் பிறந்து, லெனின்கிராடில் வளர்ந்து, பெர்லினில் பொறியியல் பயின்று, நாஜிகள் பிரான்ஸைக் கைப்பற்றியபொழுது தப்பி அமெரிக்கா புக்கவர். கார்வெட்டின் வனப்பைப் புகழ்ந்தும் அதனை மேம்படுத்தும் வழிகளைக் கூறியும் எட் கோல் அவர்களுக்குக் கடிதம் எழுதி, 1953ஆம் ஆண்டிலேயே கம்பெனியில் பணிபெற்றார்.

அவ்வேளையில் எதிராளியாகிய போர்டு கம்பெனி, 1955ஆம் ஆண்டுக்கெனத் தண்டர்பேர்டு என்னும் இருவர் வண்டியைக் கொணர்ந்தது. இடிப்பறவை என்பது அதன் பொருள். வட அமெரிக்கப் பழங்குடியினர் புராணங்களில் இடியையும் மழையையும் தருவதாகக் கூறப்படும் பறவை அது. அப்பெயரையும் ஆல்டன் கிபர்சன் என்னும் இளம் வடிவமைப்பாளர் ஒருவரே எடுத்துரைத்தார் என்பது நாம் ஒப்புநோக்கத்தக்கது. அது முதல் ஆண்டிலேயே 16,000க்கு மேல் விற்றது. தோல்வியுற்ற கார்வெட்டை இந்நேரத்தில் நிறுத்தினால் போர்டுக்கு அஞ்சி ஓடியதாக உலகம் கூறுமென்றும், குறை பெயரிலன்று செய்வகையிலேயே உள்ளதென்றும் டண்டோவ் 1954இல் மேலதிகாரிகளுக்கு எடுத்தெழுதினார். பகைவன் செய்த உதவி என்பது இதுவே போலும்! போட்டியினால் கார்வெட் உயிர்தப்பிற்று.

1955இல் எட்டு உருளைகளுடைய, 195 குதிரைத்திறன் வாய்ந்த புது இயந்திரம் பொருத்தப்பட்டது. மறு ஆண்டு உடலமைப்பும் திருந்திற்று. கண்ணாடிச் சாளரமும் கதவுக்கு வெளிக்கைப்பிடியும் வந்தன. 1956ஆம் ஆண்டு ஜனவரியில் டேடோனா கடற்கரையில் டண்டோவ் தாமே திருத்தியமைத்த கார்வெட்டை ஓட்டி மணிக்கு 150 மைலைக் கடந்தார். 1960ஆம் ஆண்டு பிரான்ஸின் லெமான் நகரில் 24 மணி நேரம் ஓடும் பந்தயத்தில் ஜான் பிட்ச், பாப் கிராஸ்மன் என்னும் இருவர் ஓட்டிய கார்வெட் தன் வகுப்பில் முதன்மை பெற்று, மொத்த வரிசையில் எட்டாவதாக வந்தது. பிரெஞ்சுச் சொல்லைப் பெயராகக் கொண்ட வண்டி பிரெஞ்சு மண்ணிலேயே அப்பெயரை மெய்ப்பித்தது எனலாம். தண்டர்பேர்டோ 1958இல் நால்வர் அமரும் வண்டியாக மாறி, விரைவு வண்டி என்னும் நிலையினின்று விலகிற்று.

பின்னர் வந்த பெயர்கள்

எர்ல் அவர்களுக்குப்பின் வடிவமைப்புத் துறையை ஏற்ற பில் மிட்செல் கடலில் மீன்பிடிப்பதில் பெருவேட்கையுடையவர். அதனால் கப்பலின் பெயரோடு கடல்வாழ் உயிர்களின் பெயர்களும் சேர்ந்தன. 1963ஆம் ஆண்டு வந்த இரண்டாம் தலைமுறைக்கு 'ஸ்டிங் ரே', அதாவது கொடுக்குத் திருக்கை, என்னும் அடைமொழி அமைந்தது. அவ்வோராண்டு மட்டும் பின்கண்ணாடி நடுவில் பிளவுபட்டு, மீனின் முதுகெலும்பு போன்றதொரு கோடு ஓடிற்று. 1967 வரை இரு சொல்லாய் எழுதிய அப்பெயரை 1969 முதல் ஒரே சொல்லாக்கினர். எழுத்துக்கூட்டின் இச்சிறு வேறுபாட்டைக்கொண்டே வண்டியின் காலத்தை ஆராய்ச்சியாளர் பிரித்தறிகின்றனர். பாடபேதத்தைக்கொண்டு சுவடியின் காலத்தை நாம் ஆராய்வதை இஃது ஒக்கும்.

1981 முதல் கெண்டக்கி மாநிலத்து பவுலிங் கிரீன் நகரில் உற்பத்தி நடைபெறுகின்றது. 1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் பத்து லட்சமாவது கார்வெட் வெளிவந்தது. அதுவும் முதல் வண்டிகளைப் போலவே வெண்ணிறம் பூண்டிருந்தது. டண்டோவ் 1975இல் ஓய்வுபெற்று 1996இல் காலமானார். அவருடைய சாம்பல் அந்நகரின் கார்வெட் காட்சிசாலையில் வைக்கப்பட்டுள்ளது. இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னே அமைக்க வேண்டுமென்று அவர் நெடுங்காலம் வற்புறுத்திய கருத்து, 2020ஆம் ஆண்டின் வண்டியில் நிறைவேறிற்று.

முடிவுரை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கார்வெட் என்னும் பெயர் இடுகுறியா, காரணமா? முதல் எழுத்தை முன்னமே வரையறுத்துக்கொண்டு அகராதியில் தேடி எடுத்தமையின் இடுகுறி போலத் தோன்றும். விரைவு பற்றி இட்டதாகக் கூறின் காரணப்பெயர் ஆகும். ஆனால் அக்காரணம் 1953இல் வண்டியினிடத்து இருந்ததில்லை. அப்பெயர் தாங்கிய போர்க்கப்பல்களிடத்தும் இருந்ததில்லை. பெயர் முன்னே வந்தது. காரணம் பின்னே ஈட்டப்பட்டது. பலராலும் இகழப்பட்டும் களத்தைவிட்டு அகலாது நின்று, ஆண்டுதோறும் திருந்திய விடாமுயற்சியால், விளம்பரக்காரர் எண்ணிய காரணத்தினும் சிறந்த காரணத்தால் அவ்வண்டி அட்லாண்டிக்கில் உழன்ற அச்சிறு கப்பல்களின் பெயருக்கு உரியதாயிற்று.

கல்லூரி மாணவராகிய நமக்கும் இதில் ஒரு பாடமுண்டு. நம் பெயரை நாம் தேர்ந்துகொண்டோமல்லோம், பிறர் இட்டனர். பெற்ற பட்டங்களும் கல்லூரியின் பெயரும் அத்தகையனவே. அறிவு என்றும் ஒழுக்கம் என்றும் பொருள்படும் பெயர்களைத் தாங்கியதனாலேயே அவை நம்முடையன ஆகிவிடா. இட்ட பெயரைக் காரணப்பெயராக்குதல் அவரவர் வாழ்நாளின் வேலை. அவ்வேலையில், அகராதி புரட்டிய நிழற்படக்காரர் போலப் புகழ் கருதாது உதவுவோர் சிலரும், கைவிடத் துணிந்த காரியத்தைக் கைவிடாதீர் என்று கடிதம் எழுதும் அயலார் சிலரும் நமக்கு வாய்ப்பாராக.